கடைசிச் சுற்றில் கனகசிங்கம்

அன்புவழிபுரத்துக் கனகசிங்கம் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்பவர். சொந்த மாமியார் கொடுத்தனுப்பும் மீனையும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் எடுப்பார். சதுரங்கப் போட்டிக்கு வந்தால் நாங்கள் வைக்கும் தண்ணீரைத் தொடமாட்டார். எதிராளி தும்மினாலும் அதில் ஏதோ திட்டம் இருக்கிறது என்பார். நடுவராக நிற்கும் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். ஆனால் ஆட்டத்தில் மன்னன். இருந்தும் ஐம்பது வயதுவரை மாவட்ட அணிக்குத் தெரிவானதில்லை. சமநிலைக்கு யாரும் கேட்டால் சதி என்று மறுத்து, கடைசியில் தோற்றுப்போவார்.

இந்த வருட விரைவுச் சதுரங்கப் போட்டியில் அணிக்கு ஓர் இடம்தான் மிச்சம். கடைசிச் சுற்றில் அவரும் கிண்ணியாவிலிருந்து வந்த பள்ளி மாணவி நப்லாவும். வெல்பவருக்கு இடம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நேரம் முடிந்தால் தோல்வி. காயை நகர்த்தியவர் மணிக்கூட்டின் பொத்தானை அழுத்தினால்தான் மற்றவரின் நேரம் ஓடும்.

தன் நேரத்தில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கும்போது கனகசிங்கம் ராணியை ஓங்கி வைத்தார். நப்லா எதை நகர்த்தினாலும் அடுத்த நகர்வில் அவளுடைய ராசா அகப்படும். அந்தச் சந்தோஷத்தில் நாடியைக் கையில் தாங்கிக்கொண்டார். பொத்தானை அழுத்தவில்லை. ஓடியது அவருடைய நேரம்.

நடுவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

நப்லா விரலால் மணிக்கூட்டைக் காட்டினாள். அவர் பலகையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. திரும்பினால் காயை மாற்றிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

"அங்கிள், மணிக்கூட்டைப் பாருங்க."

"உந்த விளையாட்டு என்னட்ட வேண்டாம், பிள்ளை. கதைக்காம யோசியுங்கோ."

அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். திணறுகிறாள் என்று எண்ணி அவர் மீசைக்குள் சிரித்தார்.

"உங்கட நேரம் முடிஞ்சுது, அங்கிள்."

அப்போதுதான் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"பிள்ளை, ஏன் எனக்குக் காட்டினனீங்கள்? பேசாம இருந்தாலே வெண்டிருப்பீங்கள்தானே?"

"நல்லா விளையாடினீங்க. இப்பிடித் தோக்கிறது பாவம் எண்டு நினைச்சன்."

அவர் என்னிடம் திரும்பினார். "பிள்ளை சொல்லுறது உண்மையே, சேர்?"

"ஓம்" என்றேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஒருக்கா ஆரையாவது நம்பியிருந்தா, இண்டைக்கு நான் வெண்டிருப்பன்."

அணிப் பட்டியலில் நப்லாவின் பெயரை எழுதினேன். அவர் பக்கம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.