ஜன்னலைத் திறந்தவள்

ட்ரீனா ஆற்றங்கரை ஊர்களில் மனிதனைச் சாய்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று போர், மற்றது குறுக்குக் காற்று. போராவது இடையிடையே ஓய்ந்து ஆட்களை மூச்சுவிட விடும். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் வீட்டுக்குள் நுழைகிறதே, அந்தக் காற்றுக்கு இரக்கமே கிடையாது. பல்வலி, இடுப்புப் பிடிப்பு, பிள்ளையில்லாமை, பரீட்சையில் தோல்வி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். கொளுத்தும் வெயிலில் பஸ்ஸில் ஒருவர் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னலை மூட நாலு பேர் பாய்வார்கள்.

ஆகவே ஜூன் மாதம் ஒருநாள் காலையில் பஸ் டிரைவர் ரதோமிர் கட்டிலைவிட்டு எழுந்து, அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தபோது, ஊருக்கு டாக்டர் தேவைப்படவில்லை. முந்தின நாள் அவன் மனைவி ரோசந்தா கம்பளங்களைத் தட்டிவிட்டு, வீட்டின் இரண்டு பக்க ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்திருந்ததைத் தெருவே பார்த்திருந்தது. விசாரணை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் காலை காப்பிக்குள் முடிந்தன.

ரோசந்தாவுக்கு ஐம்பத்தோரு வயது. தபாலாபீஸ் கவுன்ட்டரில் இருபத்தாறு வருஷம். அந்தக் கவுன்ட்டரில் அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததாக ஊரில் சாட்சி இல்லை. ஒரு கடிதமாவது தொலைந்தது என்பதற்கும் சாட்சி இல்லை.

முதலில் வந்து சேர்ந்தது ரதோமிரின் அக்கா ஸ்தமேனா. கடைத்தெருவில் நூல், பொத்தான் விற்கிறவள். மாவு பிசைந்து உரமேறிய கை, அதைவிட உரமேறிய குரல்.

"எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன் ரோசந்தா, வீட்டைக் காத்தாட விடாதேன்னு? இப்பப் பாரு, ஆம்பளை தரையில கிடக்கான்."

"விரல் நுனியெல்லாம் ஊசி குத்தற மாதிரி இருக்குக்கா," என்றான் ரதோமிர்.

"குத்தாம என்ன செய்யும்? காத்து நேரா எலும்புக்குள்ள போயிருக்கு."

சிகிச்சை ஆரம்பமானது. ஜன்னல்கள் அடைக்கப்பட்டன. கால்களில் பிளம் சாராயத்தைத் தேய்த்து, முட்டைக்கோஸ் இலை சுற்றி, அதன்மேல் ஆட்டு ரோமக் காலுறை மாட்டினார்கள். ஆளை உயிரோடு ஊறுகாய் போடத் தேவையானதெல்லாம் அதில் இருந்தது. சாராயத்தைத் தேய்த்தவள் ரோசந்தாவேதான். அவளும் அந்த ஊர்க்காரிதானே, உள்ளுக்குள் அவளும் ஜன்னலைத்தான் நம்பினாள். இப்படியே இரண்டு முழு நாட்கள் போயின. மூன்றாம் நாள் ரதோமிரால் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. வாய்க்குள் ஊற்றியது விழுங்கப்படாமல் வழிந்தது. அப்போதுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போனது. அந்த இரண்டு நாளை ரோசந்தா இன்றைக்கும் தன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

பெரியாஸ்பத்திரியில் அவனை மூச்சுக் கருவியில் போட்டார்கள். நாலாம் நாள், தூக்கமில்லாத கண்களோடு ஓர் இளம் டாக்டர் கட்டிலருகே வந்து ரோசந்தாவிடம் பேசினாள்.

"இதுக்குப் பேரு கில்லன் பாரே. உடம்பு கிருமியோட சண்டை போடப் போயி, ஆள் தெரியாம தன் நரம்பையே அடிச்சிடுது. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரும். ஆனா மாசக்கணக்காகும்."

"ஜன்னலைத் திறந்து வச்சதால வந்ததுதானே டாக்டரம்மா?"

பாவம், டாக்டரும் இந்த நாட்டுக்காரிதான், இந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறவள். "ஜன்னலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. மூணு வாரம் முன்னாடி இவருக்கு வயித்தால போச்சா?"

போயிற்று. மே மாதம் ஸ்தமேனாவின் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. தணலில் சுட்ட கோழி. எலும்பு ஓரம் ரத்தச் சிவப்பாக இருந்ததை ரோசந்தா தட்டில் ஒதுக்கி வைத்தாள். "நான் செஞ்சது பிடிக்கலையோ?" என்று ஸ்தமேனா கேட்டதும், அக்காவின் மனம் நோகக்கூடாதே என்று ரதோமிர் தன் பங்கையும் தின்று, மனைவியின் பங்கையும் தின்றான். பிறகு மூன்று நாள் கழிப்பறையிலேயே குடியிருந்தான்.

"கோழியா?" என்றாள் டாக்டர். "வேகாத கோழியில இருக்கற கிருமிதான் பரிசோதனையில வந்திருக்கு. அதுவாத்தான் இருக்கும்."

ரோசந்தா வெளியே வந்தபோது, ஸ்தமேனா நடைவழியில் நின்று போனில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டு ஜன்னலும்! ரெண்டும் ஒரே நேரத்துல!"

ரோசந்தா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அப்போதைக்கு அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். கோழி எங்கே போகப்போகிறது, நல்ல நேரம் பார்த்து எடுத்துப் போடலாம் என்று நினைத்தாள். அந்த நேரத்தை நினைத்து ரசித்தபடியே பல நாள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரத்தில் மூச்சுக் கருவியை எடுத்தார்கள். பிறகு வெந்நீர் ஊற்று மருத்துவமனையில் இரண்டு மாதம். செப்டம்பரில் ரதோமிர் சக்கர நாற்காலியில் வீடு வந்தான். கால் இருந்தது, நிற்காது. கை இருந்தது, பொத்தான் போடாது. உள்ளங்கால் மட்டும் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. போர்வை பட்டாலும் பற்களைக் கடிப்பான்.

பார்க்க வந்தவர்கள் ஆறுதலாகப் பேசினார்கள். ஒருவர் தன் சகலைக்கும் இதே நோய் என்றும், அடக்கத்துக்கு நல்ல கூட்டம் என்றும் சொன்னார். இன்னொருவர் தேனீயைக் கொட்டவிட்டால் நரம்பு விழிக்கும் என்று ஒரு பாட்டில் நிறையத் தேனீயோடு வந்தார். வந்த எல்லோரும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலைப் பார்த்தார்கள், பிறகு ரோசந்தாவைப் பார்த்தார்கள், பிறகு பெருமூச்சு விட்டார்கள். மகள் வியன்னாவிலிருந்து தினமும் வீடியோவில் அழுதாள். அவளைத் தேற்றும் வேலையும் ரோசந்தாவுடையதுதான்.

ஒருநாள் சூப் குடிக்கும்போது கை நடுங்கிச் சட்டையெல்லாம் கொட்டியது. ரதோமிர் ஆத்திரத்தில் ஸ்பூனை வீசினான். அது அவன் மடியிலேயே விழுந்தது. வீசக்கூட முடியவில்லையே என்று அழுதான். ரோசந்தா கொல்லைப்பக்கம் போய்த் தன் பங்குக்கு அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நல்லாத்தான் வீசினே. போன வாரம் உனக்கு ஸ்பூனைப் பிடிக்கவே வரலை," என்றாள்.

வாரம் ஒருமுறை நெவேனா என்ற உடற்பயிற்சிக்காரப் பெண் சுகாதார நிலையத்திலிருந்து வருவாள். மற்ற ஆறு நாளும் வீட்டுக்காரர்கள் பாடு. ஒருவர் இடுப்பைப் பிடிக்க, இன்னொருவர் காலை மடக்கி நீட்ட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. தேனீக்காரர் உட்பட ஊரில் ஒருவரும் அந்த நேரத்துக்கு வரவில்லை. ஸ்தமேனா வந்தாள். விடிகாலை ஆறு மணிக்கு, கடை திறக்கும் முன்பு, மழையானாலும் வந்தாள். தம்பியின் காலைத் தொடையில் தாங்கி, தெருக்கோடிவரை கேட்கும்படி எண்ணிக்கொண்டே மடக்குவாள். எண்ணிக்கைக்கு நடுவில் ஜன்னலைப் பற்றியும் சொல்வாள்.

"இருபத்தேழு... இதெல்லாம் தேவையா நமக்கு, ஒரு கம்பளத்துக்காக... இருபத்தெட்டு..."

இடுப்பைப் பிடித்தபடி ரோசந்தா பல்லைக் கடிப்பாள். கோழி நாக்கு நுனிவரை வரும். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்தமேனா தலையிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்குவாள், அல்லது டாக்டரைப் பொய்க்காரி என்று சொல்லி ஜென்மத்துக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டாள். இரண்டில் எது நடந்தாலும் ஆறு மணிக்கு வருகிற கை போய்விடும். கை போனால் ரதோமிரின் கால் போய்விடும். ஆகவே கோழியை விழுங்கினாள். தினமும், வெறும் வயிற்றில்.

அக்டோபரில் ரதோமிர் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றான். நவம்பர் எட்டு, தூய திமித்ரியின் நாள், அந்தக் குடும்பத்தின் குலப்புனிதர் திருநாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, எல்லோரும் வருவார்கள். வீட்டுக்காரன் கடைசி விருந்தாளி போகும்வரை உட்காரக்கூடாது. நின்றபடியே வரவேற்க வேண்டும், நின்றபடியே ஊற்றிக் கொடுக்க வேண்டும். ரதோமிரின் அப்பா கடும் காய்ச்சலோடு இரவு பத்து மணிவரை நின்றார் என்பதை ஸ்தமேனா வருஷத்துக்கு இரண்டு முறையாவது நினைவூட்டுவாள்.

"நான் நிப்பேன்," என்றான் ரதோமிர்.

"அஞ்சு நிமிஷம்," என்றாள் நெவேனா. "அதுக்கு மேல கூடாது. இந்த நோய்ல களைச்சுப்போற வரைக்கும் நின்னா, ஒரு மாசத்து வேலை வீணாப்போயிடும் அண்ணே."

"அப்ப விருந்தே வேணாம்னு சொல்லு. உட்கார்ந்துக்கிட்டே வர்றவங்களுக்குத் தலையாட்ட நான் என்ன துருக்கிப் பாஷாவா?"

"அப்பா நின்னாரு," என்றாள் ஸ்தமேனா.

ரோசந்தாவுக்கு அவன் குணம் தெரியும். விழுகிறவரை நிற்பான், விழுந்தபின்தான் ஒப்புக்கொள்வான். இரண்டு நாள் யோசித்தாள். வீட்டுக்காரன் உட்காரக்கூடாது என்பது வழக்கம், சரி. விருந்தாளி உட்கார்ந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? திருநாளுக்கு முந்தின பகல், பக்கத்து வீட்டுக்காரரின் டிராக்டர் வண்டியில் வீட்டிலிருந்த நாற்காலிகள், பெஞ்சுகள், பால் கறக்கும் முக்காலிவரை எல்லாவற்றையும் ஏற்றித் தீயணைப்பு நிலையத்துக் கிடங்கில் இறக்கினாள். சக்கர நாற்காலிக்கும் அங்கேயே இடம் கிடைத்தது. ஒரே ஒரு மர நாற்காலி மட்டும் வீட்டில் மிஞ்சியது.

காலையில் பாதிரியார் வந்தார். ரொட்டியைச் சிலுவையாகக் கீறி, திராட்சை மது ஊற்றி, எல்லோரும் சேர்ந்து கையில் ஏந்திச் சுற்றும் சடங்குக்கு ரதோமிர் எழுந்து நின்றான். ஸ்தமேனா பின்னாலிருந்து அவன் பெல்ட்டைப் பிடித்திருந்தாள். மூன்று நிமிஷம். பிறகு ரோசந்தா அவனை அந்த மர நாற்காலியில் உட்காரவைத்தாள். விரும்பி உட்கார்ந்தான் என்று சொல்ல முடியாது. முழங்கால் அவனைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டது.

பாதிரியார் கனத்த உடம்புக்காரர். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நாற்காலியெல்லாம் எங்கம்மா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு சாமி. எல்லாம் ஒரே சமயத்துல உடைஞ்சு போச்சு."

மதியத்துக்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். ஒரு கையில், முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிய சூடான சர்மாத் தட்டு, மறு கையில் சாராயக் கோப்பை, இலையை வெட்ட மூன்றாவது கை இல்லை. வழக்கமாக இருட்டும்வரை இருந்து அரசியல் பேசுகிறவர்கள் காலை மாற்றி மாற்றி நின்று, அரைமணியில் வேறு வீட்டு விருந்து நினைவுக்கு வந்து கிளம்பினார்கள். அப்படியும் வழக்கம் கெடவில்லை என்றே ரோசந்தா நினைத்தாள். வழக்கம் சற்றே தலைகீழாக நின்றது, அவ்வளவுதான்.

ஸ்தமேனாவால் தாங்க முடியவில்லை. அறை நிறைந்திருந்த நேரம் பார்த்துத் தட்டை மேஜையில் வைத்தாள்.

"எங்கப்பா வீட்டுத் திருநாள்ல விருந்தாளி நிக்கறான், வீட்டுக்காரன் உட்கார்ந்திருக்கான். இதையும் நான் பார்க்கணுமா? முதல்ல ஜன்னலைத் திறந்து என் தம்பியைக் கெடுத்தே. இப்பத் திருநாளையும் கெடுத்துட்டே. ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கற? திறந்து வச்சது நீதானே?"

மெல்லுகிற சத்தம்கூட நின்றது. இதுதான் அந்த நல்ல நேரம். ரோசந்தா அஞ்சு மாதம் காத்திருந்த நேரம், ஊர் முழுக்கச் சாட்சியோடு. கோழி என்ற ஒரே சொல் போதும். அவள் ஸ்தமேனாவை நன்றாகப் பார்த்தாள். தம்பியின் பெல்ட்டை இறுக்கிப் பிடித்த விரல்களில் இன்னும் சிவப்பு மறையவில்லை.

"ஆமா அண்ணி," என்றாள். "ரெண்டு ஜன்னலையும் நான்தான் திறந்தேன். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துருவீங்கல்ல?"

ஸ்தமேனா மேஜையில் வைத்த தட்டை மறுபடி கையிலெடுத்தாள். "வராம?" என்றாள், கொஞ்சம் கோபமாகவே. "நான் வரலைன்னா யாரு மடக்குவா?"

மூன்று மணிக்கெல்லாம் வீடு காலியாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த திருநாள் இல்லை. ரோசந்தா தட்டுகளை அடுக்கினாள். ரதோமிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோழின்னு ஏன் சொல்லலை?"

அடுக்கிய தட்டுகள் கையிலேயே நின்றன. "எந்தக் கோழி?"

"அக்கா சுட்ட கோழி. டாக்டரம்மா என் தலைமாட்டுல நின்னுதானே சொன்னாங்க. எனக்குக் கைகால்தான் போச்சு, காது போகலை."

"நீ மயக்கத்துல இருக்கேன்னு நர்ஸ் சொன்னாளே?"

"பாதி நேரம் இருந்தேன். மீதி நேரம் கண்ணைத் திறக்கத்தான் முடியலை."

ரோசந்தா தட்டுகளை மெல்ல வைத்தாள். அந்த மூன்று வாரம் அந்தக் கட்டிலருகே, கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில், என்னென்ன பேசினோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். காது மடல் சூடாகியது.

"வேற என்ன கேட்டே?"

"கழுதைன்னு சொன்னே. அடுத்தவ தட்டுக் கோழியையும் தின்ன மொடாவயிறுன்னு சொன்னே. என் பிளம் தோட்டத்தை வித்துட்டு வியன்னா போயிடுவேன்னு சொன்னே." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்புறம் நீ செத்துட்டா நான் யாரைத் திட்டுவேன்னு கேட்டே. ரொம்ப நேரம் அதையே கேட்டே."

அவளால் அவன் பக்கம் திரும்ப முடியவில்லை. "அஞ்சு மாசமா எல்லாத்தையும் வச்சுக்கிட்டு ஊமை மாதிரி இருந்தியே, கல்நெஞ்சுக்காரா."

"நீயும்தான் கோழியை வச்சுக்கிட்டு இருந்தே."

நடைச்சட்டம் தரையில் உரசும் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். ரதோமிர் எழுந்து நின்றுகொண்டிருந்தான். பெல்ட்டைப் பிடிக்கப் பின்னால் யாரும் இல்லை.

"உட்காரு ரதோமிர். நெவேனா சொன்ன அஞ்சு நிமிஷத்துல மூணு காலையிலேயே ஆயிடுச்சு. எல்லாரும் போயாச்சு, இனி யாருக்காக நிக்கற?"

"ஒருத்தி இன்னும் போகலை. காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கா." ஒரு கையை எடுத்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். அது ஒரு சாண் தூரம்தான் நகர்ந்தது. "உட்காரு. நீ உட்கார்ந்தாத்தான் நான் வீட்டுக்காரன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடினாள், கிடைக்காமல் உட்கார்ந்தாள். சரியாக இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அவன் வீடு திரும்பியதிலிருந்து அவள் உட்கார்ந்ததே அவ்வளவுதான் என்று சொன்னால் அது மிகை. ரொம்பப் பெரிய மிகையில்லை.