வழக்கு மரத்து வக்காக்கள்

முதல் மழை பெய்த மறுநாள் காலையில் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டு முற்றத்தில் ஒரு நாற்றம் எழும்; அழுகிய மீனும் நனைந்த சுண்ணாம்பும் கலந்த நாற்றம். தெருவில் மிளகுக் கிடங்குகளின் காரமும் சுக்கின் மணமும் எவ்வளவு தூக்கலாக இருந்தாலும் அதை அடக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து அது வந்தது. மரத்தின் அடி அவுசேப்பு சேட்டனின் மனையில் இருந்தது. கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு மதிலைத் தாண்டி எங்கள் முற்றத்துக்கு மேலே விரிந்திருந்தது. வருடந்தோறும் வக்காக்களும் மடையான்களும் அதில் கூடு கட்டின. இரண்டும் கொக்கு இனந்தான். வக்கா கொஞ்சம் குண்டு, சிவந்த கண், ஊரெல்லாம் வீடு திரும்பும் சாயங்கால வேளையில் "வாக், வாக்" என்று கத்திக்கொண்டு இரைக்குக் கிளம்பும். மடையான் நிற்கும்போது சேற்று நிறம், பறக்கும்போது சட்டென்று வெள்ளை.

எதையும் எண்ணிப் பார்ப்பது எனக்குச் சிறுவயதிலேயே பிடித்த வியாதி. எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதான மழைக்காலத்தில், அந்த மரத்தில் ஐம்பத்திரண்டு கூடுகள் இருந்தன. எங்கள் பக்கத்துக் கிளைகளில் மட்டும் பத்தொன்பது.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுத வந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து அந்த ஓட்டு வீட்டை மலிவாக வாங்கியிருந்தார். மலிவுக்குக் காரணம் மேலே இருந்தது என்பது முதல் மழையில்தான் தெரிந்தது. வெளுத்த வேட்டியோடு வாசலைத் தாண்டுவதற்குள் முதுகில் ஒன்று விழும். வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் சொந்த முற்றத்தில் குடை பிடித்து நடந்த மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

அம்மாவுக்கு மலையாளம் வரவில்லை. அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே துணை அவுசேப்பு சேட்டனின் மனைவி த்ரேசியா. அம்மா அவரைச் "சேச்சி" என்றாள். அவர் அம்மாவை "அக்கா" என்றார். ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு இருவரும் மதிலின் இடிந்த பகுதியில் நின்று, ஒருவர் மீன் நறுக்க மற்றவர் கீரை ஆய, ஆளுக்கொரு மொழியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். எப்படிப் புரிந்தது என்று கேட்டால் அம்மா, "புரியாததுக்குச் சிரிச்சிக்கிடுவோம்" என்பாள்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. கோடை விடுமுறைக்கு நான் தென்காசியில் மாமா வீட்டில் இருந்தபோது நடந்ததை, பிறகு அம்மா பலமுறை சொல்லிக் கேட்டேன். அப்பா மதிலருகே போய், எங்கள் பக்கத்துக் கிளைகளை வெட்டச் சொல்லியிருக்கிறார். அவுசேப்பு சேட்டன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலைக்காரர். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"கூடு வெச்சிட்டுண்டு அண்ணாச்சீ. குஞ்ஞு பறக்கட்டே, பின்னே வெட்டாம்."

"பறந்த பொறவு வெட்டி என்னத்துக்கு? அப்ப என் வேட்டியிலயா விழப்போவுது?"

"பட்சி என்றேதாணோ? ஞானாணோ முட்டையிட்டது?"

"மரம் உம்ம மரம்லா? நீரும் மேல ஏறி அடை காத்துக்கிடும்."

சொல்லிவிட்டு அப்பா குடையோடு வேலைக்குப் போய்விட்டார். அவுசேப்பு சேட்டனுக்கு அந்த "அடை காத்துக்கிடும்" நன்றாகப் புரிந்துவிட்டது. மத்தியானம் த்ரேசியா சேச்சி மதிலருகே ஓடிவந்து அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, இன்னு வைகிட்டு இவிடத்தெ ஆள் வழக்கினு வரும் கேட்டோ. அண்ணாச்சி ஒண்ணும் மிண்டாதிருந்நா மதி."

அம்மாவுக்கு அதில் தெளிவாகப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான், மீதியைச் சைகையிலிருந்து ஊகித்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு வந்த அப்பாவிடம், "அவரு வழக்குக்கு வாராராம், நம்மள வாயத் தொறக்கக் கூடாதுங்காவ" என்று ஒப்பித்தாள்.

மலையாளத்தில் வழக்கு என்றால் சண்டை, வாய்ச்சண்டை. தமிழில் அது கோர்ட். அப்பாவுக்கு அந்தச் சொல்லென்றாலே பயம். தாத்தாவின் இரண்டு வயல்கள் வழக்கில்தான் போயிருந்தன, எதிராளி முந்திக்கொண்டதால் போயின என்பது அவருடைய தீராத நம்பிக்கை. "மொதல்ல போறவன்தான் வாதி" என்று சொல்லி, கையைக் கழுவிய ஈரம் காயுமுன் ஒரு வக்கீலிடம் போய் நோட்டீசுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

அன்று சாயங்காலம், சேச்சி சொன்னபடியே, அவுசேப்பு சேட்டன் வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் கத்தினார். அப்பா கதவைத் திறக்கவில்லை. கத்தி முடித்ததும் அவருக்கு மனம் லேசாகிவிட்டது போலும். மறுநாள் காலையில் எட்டு தென்னோலைக் கீற்றுகளைக் கொண்டுவந்து, எங்கள் வாசலிலிருந்து தெருக்கதவு வரைக்கும் மூங்கில் நட்டு, தம் கையாலேயே ஒரு பந்தல் கட்டிக்கொடுத்தார். "இனி அண்ணாச்சிக்குக் குடை வேண்டா" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பந்தலின் ஓலை பச்சை மாறுவதற்குள் அவர் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறக்க நான் திரும்பி வந்தபோது மதிலின் இடிந்த இடம் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அம்மா கதையைச் சொன்னாள். நான் மலையாளப் பள்ளியில் படித்தவன். "வழக்குன்னா இங்க சண்டைதாம்மா" என்றேன். அம்மா முற்றத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஓலைப் பந்தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அனுப்புனது அனுப்புனதுதான். இப்ப திரும்ப வாங்குனா நம்ம மேல தப்புன்னு ஆயிரும்" என்றார். சொல்லின் பொருள் தப்பாகப் புரிந்தது ஒரு மாதம். பொருள் தெரிந்த பிறகு வழக்கு நடந்தது ஒன்பது மழைக்காலம். மனிதர்கள் புரியாமல்தான் சண்டை போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

முன்சீப் கோர்ட்டில் முதலில் கிடைத்தது ஓர் இடைக்காலத் தடை: வழக்கு முடியும்வரை இரு தரப்பும் மரத்தில் கைவைக்கக் கூடாது. கொக்குகளுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. கூடுகள் ஐம்பத்திரண்டிலிருந்து எழுபதைத் தாண்டின.

அந்த ஒன்பது மழைக்காலமும் சமையலறைப் படியில் உட்கார்ந்து நான் அவற்றைப் பார்த்தேன். ஆண் பறவை எங்கிருந்தோ ஒரு குச்சியைக் கவ்விவந்து பெட்டையிடம் கொடுக்கும். பெட்டை அதைச் செருகித் திரும்புவதற்குள் பக்கத்துக் கூட்டுக்காரி கழுத்தை நீட்டி உருவிக்கொள்வாள். உடனே பிடரி சிலிர்க்கும், அலகுகள் மோதும், மரம் முழுவதும் கூச்சல். சற்று நேரத்தில் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தத்தம் முட்டைமேல் உட்கார்ந்துவிடும். ஒரு காலைக்குள் நாற்பது சண்டை எண்ணியிருக்கிறேன், ரத்தம் கண்டதில்லை. கூடுகளுக்கு இடையே எப்போதும் ஒரு கழுத்து நீளமும் கொஞ்சமும் இடைவெளி இருந்தது. அலகோடு அலகு மோதும், ஆனால் எதிராளியின் கண்ணைக் கொத்த எட்டாது. அவற்றைப் புத்தர்களாக்கவும் எனக்கு மனம் இல்லை. இரை குறைந்த நாட்களில் பெரிய குஞ்சு சின்னதைக் கூட்டுக்கு வெளியே தள்ளும். காலையில் அம்மா அதை முறத்தில் அள்ளிக் கொட்டுவாள். ஆனாலும் ஒன்று நிச்சயம்: அவற்றுக்கு மலையாள வழக்குதான் தெரிந்திருந்தது, தமிழ் வழக்கு தெரியவில்லை.

கீழே நாங்கள் அப்படி இல்லை. தண்ணீர்க் குழாயடியில் த்ரேசியா சேச்சி நின்றால் அம்மா குடத்தோடு திரும்பிவிடுவாள். திரும்பி வந்து அடுப்படியில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது குறைந்துபோயிற்று. அவுசேப்பு சேட்டன் மட்டும் தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எடா மோனே, பந்தல் கெட்டித் தந்நதினாணோ எனிக்கு நோட்டீசு?" என்று கேட்பார். கேலியாகத்தான் கேட்பார். எதிராளியிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது வீட்டில் உத்தரவு. நான் சைக்கிளை வேகமாக மிதித்துப் போவேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மழையில் அவுசேப்பு சேட்டன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மா யாரையும் கேட்கவில்லை. தெருக்கதவைத் திறந்து, நடு வீதி வழியாக நடந்து, அவர்கள் வாசலேறி த்ரேசியா சேச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சவப்பெட்டி தேவாலயத்துக்குக் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வக்கீல் குமாஸ்தா ஒரு மனுவோடு வந்தார். பிரதிவாதி இறந்துவிட்டதால் அவருக்குப் பதில் மனைவி, மக்களைச் சேர்க்க வேண்டும், தவணைக்குள் சேர்க்காவிட்டால் வழக்கு தானாக அற்றுப்போகும் என்றார். அப்பா கண்ணாடியைத் தேடினார்.

"அந்தத் தாள்ல சேச்சி பேரு ஏறிச்சுன்னா நான் தென்காசிக்கு பஸ் ஏறிருவேன்" என்றாள் அம்மா. "பொறவு உங்க வேட்டிய நீங்களே தொவச்சிக்கிடுங்க."

"தோத்துட்டோம்னு ஊரு சொல்லாதா?"

"எந்த ஊரு? இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

அப்பா கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மனு மேசைமேல் கிடந்தது. தவணை தானாகக் கடந்துபோயிற்று. எங்கள் வீட்டுக்குச் சமாதானம் வந்த விதம் அவ்வளவுதான்.

இதற்கிடையே, அவுசேப்பு சேட்டன் இறந்த நாற்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டுக்கு அம்மாவை அழைத்திருந்தார்கள். நான் கூடப் போனேன். பந்தி முடிந்து பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, த்ரேசியா சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அந்தச் சொல்லின் கதையைச் சொன்னாள்.

"என்றெ அக்கா, ஞான் வழக்கு என்னல்லே பறஞ்ஞது? கேசு என்னு பறஞ்ஞோ?"

"எங்க ஊர்ல அதான் சேச்சி கேசு."

த்ரேசியா சேச்சி ஒரு கணம் சிரித்தேவிட்டார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஈசோயே, அங்ஙேரு இது அறிஞ்ஞில்லல்லோ" என்றார். அவுசேப்பு சேட்டன் அதை அறியாமலே போய்விட்டார் என்பது அம்மாவுக்கு மொழி தெரியாமலே புரிந்தது. இருவரும் மறுபடி பேசினார்கள், சாகும்வரை பேசினார்கள். ஆனால் புரியாததற்குச் சிரித்துக்கொள்வது நின்றுபோயிற்று, ஒவ்வொரு சொல்லுக்கும், "அதுனா என்ன?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

வழக்கு அற்றுப்போனதும் தடையும் அற்றுப்போயிற்று. கொக்குகள் போன பிறகு, அடுத்த கோடையில், சேச்சியின் மகன்கள் வீடு கட்ட மரத்தை வெட்டினார்கள். அவர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான அண்ணன் தம்பி இருவரும் ஒரே அறையில் எப்படிக் குடும்பம் நடத்துவது? ஆனால் மழை தொடங்கியபோது பறவைகள் வந்தன. மரம் நின்ற இடத்தின் மேலே, வெறும் காற்றில், நான்கு சாயங்காலம் சுற்றிச் சுற்றிக் கத்தின. அறுபதுவரை எண்ணினேன். ஐந்தாம் நாள் எண்ண ஒன்றும் இல்லை.

இப்போது முற்றத்தில் நாற்றம் கிடையாது. பக்கத்து மனை இரண்டு கை மாறி, சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாகிவிட்டது. மதில் ஆளுயரத்துக்கு மேல். அந்தப் பக்கம் நடத்துகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் எங்கள் தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது என்று ஒரு புகார், எங்களிடம் ஒரு வார்த்தை வராமல், நேரே மாநகராட்சிக்குப் போயிருக்கிறது. விசாரிக்க வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். பழைய மோட்டார்தான், சத்தம் போடுவதும் உண்மைதான். மதிலுக்கு மேலாக யாராவது ஒரு சாயங்காலம் வந்து கத்தியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன்.