மைக்ராஸ்கோப்புக்கு வைத்த பொட்டு

தொம்மலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட்டித் துடைக்கிறேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மைக்ராஸ்கோப்புக்குப் பிரியமாக, அதன் கண்ணாடியிலேயே வைத்தேன்.

மறுநாள், காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தையின் ரத்தத்தைப் பார்க்கக் குனிந்த டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்ததில் கண்ணாடியிலும் கீறல் விழுந்துவிட்டது.

“அந்தக் காலத்துல ஜவுளிக்காரர் ஒருத்தர் துணியோட நூலைப் பெருசாப் பார்க்கத் தேய்ச்ச கண்ணாடியில இருந்து வளர்ந்தது இது, ஆயாம்மா. கண்ணுதான் இதுக்கு உயிரு. கண்ணுலயே பொட்டு வெச்சுட்டீங்களே!” என்றார்.

ரத்தத்தை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த தாய் என்னிடம், “இன்னும் எவ்ளோ லேட்டாகும் ஆயாம்மா?” என்றாள்.

“மெஷின் ரிப்பேரும்மா” என்றேன். என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

“நீங்களாவது சொன்னீங்களே, தேங்க்ஸ்மா” என்றாள்.

குழந்தை என்ன ஆனதென்று தெரியாது. அந்த நன்றி மட்டும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.