சப்டைட்டிலை மறைத்த கறுப்பு டேப்

சீன மொழியில் தொடக்க வகுப்பை முடித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதே வாரம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, அடுத்த மாதமே வாங்கியும் விட்டேன். "ஓசூரத் தாண்டாதவளுக்குப் பாஸ்போர்ட்டு ஒண்ணுதான் கொறச்சல்" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். புது மெஷின் ஒன்றைப் பூட்டிக்கொடுக்கச் சீனாவிலிருந்து ஃபிட்டர் வருகிறார் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"மொழிபெயர்க்க ஆள் வேணாம் சார், நானே பேசறேன்."

"பேசிக் காட்டும்மா. காட்டிட்டா, டிரெய்னிங்குக்குச் சீனா போற டீம்ல நீயும் இருப்ப. முடியலன்னா பெங்களூர்ல இருந்து ஆள் கூப்பிடுவேன்."

கையில் மூன்று மாதம் இருந்தது. எங்கள் ஊரான பேரிகையிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் தினமும் போனில் சீனப் பாட வீடியோ பார்த்தேன். பாடம் நடத்தும் டீச்சர்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பேசினார்கள். அலுத்துப்போய், ஒரு சீன பைக் மெக்கானிக்கின் வீடியோக்களுக்குத் தாவினேன். எல்லாமே புரிந்தது! சீட்டிலேயே துள்ளினேன்.

ஒரு நாள் வெயிலடித்துத் திரை தெரியாமல் போனது. குரல் மட்டும் கேட்டது. ஒரு மண்ணும் புரியவில்லை. இத்தனை நாளும் கீழே ஓடிய ஆங்கில எழுத்தைத்தான் படித்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

பக்கத்தில் ஸ்டோர்ஸ் அக்கா உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், பஸ் டிரைவரிடம் கன்னடம் பேசுபவர். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார்.

"குந்தாரப்பள்ளி சந்தையில ஒருத்தன் கன்னடத்துல மாட்டுக்கு வெல சொல்றான், இன்னொருத்தன் தெலுங்குல கொறச்சிக் கேக்கறான். எழுத்தப் பாத்துக்கினா பேசறாங்க? மறைச்சிட்டுக் கேளு கண்ணு."

இறங்கியதும் முதல் வேலையாக, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்துத் திரையின் கீழ்ப்பாகத்தில் ஒட்டினேன். முதல் வாரம் வாக்கியத்துக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது. அதே வீடியோவைப் பத்துத் தடவை ஓடவிட்டேன். அந்த மெக்கானிக் ஒவ்வொரு வீடியோவிலும் ஒன்றைத் தவறாமல் சொல்வார்: இப்போது இறுக்காதே, எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மாட்டு. அது எனக்குத் தாலாட்டு மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

ஃபிட்டர் வந்தார். நான் சொன்ன வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொன்னார். பிறகு அவர் பேசிய வேகத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. மேனேஜர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அதற்குள் எங்கள் ஆட்கள், வழக்கம்போல், முதல் போல்ட்டைப் போட்டவுடனே ஸ்பேனரால் முறுக்கத் தொடங்கினார்கள். ஃபிட்டர் கத்தினார்.

அந்த வாக்கியம்! அதே வாக்கியம்!

"நிறுத்துங்கண்ணா! இப்ப இறுக்காதீங்க! எல்லாத்தயும் மொதல்ல கையால மாட்டச் சொல்றாரு!"

ஃபிட்டர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அதன்பின் புரியாததை எல்லாம், வெட்கப்படாமல், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்றாம் நாள் மெஷின் ஓடியது.

மேனேஜர் பக்கத்தில் வந்தார். "பாஸ்போர்ட்டு இருக்குதாம்மா?"

குனிந்து எடுத்து நீட்டினேன். மூன்று நாளாக அது ஸ்பேனரோடு ஸ்பேனராக என் டூல் பையில்தான் கிடந்தது.