லலிதா பாஸ், சுந்தரேசன் ஃபெயில்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஷார்ஜாவில் ஒரு டிரைவிங் ஸ்கூல் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். டெஸ்ட் எனக்கில்லை. நண்பர் சுந்தரேசனுக்கும் அவர் மனைவி லலிதாவுக்கும். நான் வெறும் சாரதி.

சுந்தரேசனை எங்கள் முவைலா ஏரியாவில் தமிழர்கள் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு மாலை அவர் ஃப்ளாட்டில் சத்சங்கம். ஆத்மா என்றால் என்ன, அகங்காரம் என்றால் என்ன – அழகாகப் பேசுவார். "நான் நான்னு குதிக்கிறது ஆத்மா இல்லை சார். ஆத்மா சும்மா சந்தோஷமா இருக்கும்" என்பார். நாங்களும் தலையாட்டிவிட்டுச் சுண்டல் சாப்பிடுவோம்.

ஆனால், டிரைவிங் என்று வந்துவிட்டால்... "மெட்ராஸ் டிராஃபிக்லயே ஓட்டினவனுக்கு இங்க டெஸ்டா?" என்று கொதிப்பார். ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். சத்சங்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. லலிதாவோ ஸ்டீயரிங்கைத் தொட்டதே இங்கே வந்துதான்.

முதலில் வெளியே வந்தது லலிதா. முகம் வாடிக் கிடந்தது. சரி, போச்சு என்று நினைத்தேன்.

"பாஸ், அண்ணா" என்றார், குசுகுசுவென்று. "அவருக்குப் போயிடுச்சுன்னா நானும் ஃபெயில்னு சொல்லிடப்போறேன். நீங்க காட்டிக்கொடுத்துடாதீங்க. பாவம், தாங்கமாட்டார்."

முதல் தடவையிலேயே பாஸ். அதற்கு இப்படி ஒரு துக்கமா?

கொஞ்ச நேரத்தில் சுந்தரேசன் வந்தார். நடையிலேயே ரிசல்ட் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே இளகிவிட்டார்.

"விடு லலிதா. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப்போடுவாங்களா? நானும்தான் ஃபெயில். ரெண்டு பேரும் சேர்ந்தே இன்னொரு தடவை வரலாம்."

அவ்வளவுதான். லலிதாவால் தாங்க முடியவில்லை.

"ஏங்க... நான் பாஸுங்க."

நான் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டேன்.

திடீரென்று ஒரு சிரிப்பு. சுந்தரேசன்தான்! பக்கத்தில் காத்திருந்த பெஷாவர்க்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாய், மேரி பீவி பாஸ் ஹோ கயி!" என் பெண்டாட்டி பாஸாகிவிட்டாள் என்று இந்தியில் ஒரே கூச்சல்.

"முபாரக் பாய்! ஆப் கா க்யா ஹுவா?" வாழ்த்திவிட்டு, உங்களுக்கு என்னாச்சு என்று கேட்டார் அவர்.

"மேரா? மேரா கலாஸ்!" என்னுது அவுட் என்று கையை விரித்தார் சுந்தரேசன்.

ஹாலே சிரித்தது. கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் ஏலக்காய் மணக்கும் கரக் டீ, சுந்தரேசன் உபயம். யார் யாரோ வந்து லலிதாவை வாழ்த்தினார்கள். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை.

திரும்பும்போது கேட்டேன். "நிஜமாவே வருத்தம் இல்லையா சார்?"

யோசித்தார். "இருந்துச்சு சார். ஆனா அவ பாஸ்னு சொன்னதும், ஃபெயிலானது யாருன்னே மறந்துபோச்சு. பாஸ் பண்ணினது யாருங்கிறதும் பெரிசாத் தெரியல. சந்தோஷம் மட்டும்தான் இருந்துச்சு."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவுகளில் எனக்குப் புரியாதது, இதில் புரிந்தது. அகங்காரம் எந்த நல்ல செய்தி வந்தாலும் முதலில் பெயரைப் பார்க்கும் – என்னுடையதா, அவனுடையதா? ஆத்மா பெயரைப் பார்ப்பதில்லை. செய்தி நல்லதா, போதும்... சந்தோஷப்பட்டுவிடுகிறது.

அப்படியென்றால், சுந்தரேசனின் அகங்காரம் ஒழிந்தே போய்விட்டதா? நேற்று ரவுண்டபவுட்டில் அவர்கள் காரைப் பார்த்தேன். லலிதா நிதானமாக ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்து சீட்டில் இருந்தவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, மொத்த ஷார்ஜா டிராஃபிக்கையும் கன்ட்ரோல் பண்ணிக்கொண்டிருந்தார்.

மனுஷன்... கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே!