மியூட் பட்டனும் அண்ணன் விசிலும்

வீடியோ கேமுக்குப் பின்னணி இசை போடுகிறவர்களுக்கு முதல் ரசிகர் ஒரு பட்டன்தான்: ஸ்பீக்கர் படம் போட்டு, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்திருக்கும்.

நான் கீழ்க்கட்டளையில் என் வீட்டு படுக்கையறையில் உட்கார்ந்து, பெருங்குடிப் பக்கம் ஒரு சின்ன கேம் கம்பெனிக்குப் பல வருஷமாகப் பாட்டு போட்டுக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு. அங்கேயாவது நான் வாசித்தால் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். மற்ற நாளெல்லாம் மொபைல் கேம். பஸ்ஸில் ஆடுகிறவன் மியூட் போடுவான். ஆபீஸில் ஒளிந்து ஆடுகிறவன் மியூட் போடுவான். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஆடும் அம்மாவும் மியூட்தான். யாரும் படிக்காத ரிப்போர்ட்டை மாசாமாசம் எழுதுகிறவரே, யார் காதிலும் விழாத அறிவிப்பை மைக்கில் வாசிக்கிறவரே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்தே புலம்பலாம்.

கொஞ்சம் கம்மி

கேம் பாட்டுக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. ஒரு நிமிஷம்கூட வராத ஒரு துண்டுதான். அது முடியும் இடமும் தொடங்கும் இடமும் ஒட்டு தெரியாமல் சேர வேண்டும். ஆடுகிறவர் ஒரு மணி நேரம் ஆடினால் அது ஒரு மணி நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பாட்டு மோசமாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப நன்றாகவும் இருக்கக் கூடாது. நன்றாக இருந்தால் சீக்கிரம் அலுத்துவிடுமாம்.

இது தெரியாமல் நான் முதன்முதலில் உயிரைக் கொடுத்து ஒரு பாட்டு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் கம்பெனி முதலாளி சுந்தர் சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். எனக்கு உள்ளே ஒரே குதி. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: "நல்லா இருக்கும்மா. கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுக்க முடியுமா?"

தோற்றவர் கீதம்

மாட்டு வண்டிப் பந்தயம் ஒன்று போட்டோம். ஜெயித்தால் வரும் பாட்டுக்கு நாதஸ்வரம், தவில், கைதட்டல் எல்லாம் சேர்த்து நாள் கணக்கில் மாரடித்தேன். கடைசியில்தான் ஞாபகம் வந்தது, தோற்றால் ஒரு சத்தம் வேண்டுமே! அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அது பொங்குவதற்குள் கீபோர்டில் நாலே நாலு ஸ்வரம், மேலிருந்து கீழே வழுக்கி விழுகிற மாதிரி தட்டி அனுப்பிவிட்டேன்.

எங்கள் சர்ச் பிக்னிக்கில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறேன். முன்னால் ஜான் சார், தாம்பரத்தில் ஃபிசிக்ஸ் வாத்தியார், கையில் தட்டோடு அந்த நாலு ஸ்வரத்தை முணுமுணுக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "சார், அது நான் போட்ட பாட்டு!" என்றேன். "அப்ப ஜெயிச்சா வருமே, அந்த நாதஸ்வரம்? அது எப்படி சார் இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜெயிச்சா என்ன பாட்டு வரும்னு எனக்கு இன்னும் தெரியாதும்மா."

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. மனசில் ஒட்டுவது நாம் பாடுபட்டுப் போட்ட பாட்டு இல்லை. தோற்கிறபோது, லோடிங் ஆகிறபோது, சும்மா காத்திருக்கிறபோது வருகிறதே, அதுதான் ஒட்டும்.

பீரோவுக்குள் அண்ணன்

அடுத்து 'வலை ராஜா' என்று ஒரு மீன்பிடி கேம். முதல் திரையில் கடல், ஒரு படகு, ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் பாட்டு. புல்லாங்குழல் வாசிக்க வர வேண்டியவர் கடைசி நேரத்தில் கல்யாணக் கச்சேரி என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தான் எங்கள் அண்ணன் டேனியல். சேலையூரில் வீடு, மவுண்ட் ரோட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். ஷேவ் பண்ணும்போது, பைக் துடைக்கும்போது, அம்மா திட்டும்போதுகூட விசிலடிக்கிற ஆள். "வாடா, நீயே ஊது" என்று பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ரெக்கார்டிங் என்றால் ஃபேனை நிறுத்த வேண்டும், தலைக்கு மேல் விமானம் போகும்வரை காத்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓய வேண்டும். அதோடு என் பீரோவைத் திறந்து வைத்து, உள்ளே தொங்கும் புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டுதான் பாட வேண்டும். புடவை இருந்தால் எதிரொலி வராது. ஆறடி ஆள், பட்டுப் புடவைக்குள் தலையை நுழைத்து, வியர்த்து வழிய விசிலடித்தான். "அந்துருண்டை நாத்தம் தாங்கல பாப்பா" என்று நடுநடுவே வெளியே வந்து மூச்சு விட்டான். பாட்டின் நடுவிலும் ஒரு இடத்தில் மூச்சு வாங்கியிருந்தான். வழக்கமாக அதை வெட்டி எறிந்துவிடுவேன். வெட்டிப் பார்த்தால் பொம்மை ஊதுகிற மாதிரி இருந்தது. அதனால் அந்த மூச்சிலேயே ஒட்டுப் போட்டேன். அவன் மூச்சு வாங்குவான், பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

"யாராவது கேப்பாங்களா?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "எல்லாரும் மியூட்தான் பண்ணுவாங்க" என்று எங்கள் தொழில் ஜோக்கைச் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மியூட் பண்றவனும் ஒரு செகண்ட் கேட்டுட்டுதானே பண்ணுவான்?"

ரயிலில் ஒரு கலைஞன்

எங்கள் கம்பெனியில் யார் பேரும் போடுகிற வழக்கம் இல்லை. என் பேரே இல்லை, இதில் அண்ணன் பேருக்கு எங்கே போவது? ஆனாலும் அவன் சும்மா இருப்பானா! தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியதும் போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, கூட வரும் ஆபீஸ் நண்பர்களிடம் காட்டியிருக்கிறான். "இது நான்தான்டா" என்றானாம். ஒருவரும் நம்பவில்லை. நிரூபிக்கிறேன் பேர்வழி என்று வண்டியிலேயே ஊதிக் காட்டப் போயிருக்கிறான். கூட்டத்தில் யாரோ ஒருவர் முறைக்கவே சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது.

என்னிடம் வந்து இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. அவனுடைய நண்பர் சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினான்: "மெஷின்ல வர்ற சத்தத்தைப் போய் நான்தான்னு சொல்றியே மச்சான், உனக்கே ஓவரா தெரியல?"

பீட் வேணும்

அண்ணன் போய்விட்டான். தாம்பரம் ஸ்டேஷனில் பைக்கை நிறுத்திவிட்டுப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். என்னால் பல மாதம் அந்த கேமைத் திறக்கவே முடியவில்லை. அப்புறம் ஒருநாள் திறந்தேன், ஓவென்று அழுதேன். அதற்குப் பிறகு தினமும் திறந்தேன். அந்த விசில் என்னிடம் ஃபைலாகவும் இருக்கிறது, தொலையவில்லை. ஆனால் என் கம்ப்யூட்டரில் இருந்தால் அது வெறும் ஃபைல். முகம் தெரியாதவர்கள் போனில் இருந்தால், அவன் எங்கேயோ, எந்தத் தெருவிலோ, விசிலடித்துக்கொண்டு போகிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நேரம் பார்த்து சுந்தர் சார் கம்பெனியை விற்றுவிட்டார். புதிதாக வந்த மேனேஜர், நல்ல பையன்தான், வயசு கம்மி, எல்லா கேமுக்கும் பாட்டை மாற்றச் சொன்னான். "பீட் வேணும் மேடம், எனர்ஜி வேணும்." அந்த ஒரு விசிலை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினேன். அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாதிப் பேர் மியூட்டில்தான் ஆடுகிறார்கள் என்று கிராஃப் காட்டினான். "அப்படின்னா இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப் போச்சு?" என்றேன். "அதேதான் மேடம், மாத்தினாலும் யாருக்கும் தெரியாது."

மாற்றுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அண்ணன் விசிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க டமடமவென்று ஒரு டிரம்ஸ் போட்டுக் கொடுத்தேன். என் பிழைப்பு அது.

புகார்ப் பெட்டி

இருக்கிறவரை பாட்டைப் பற்றி ஒரு ஈ காக்கா பேசியதில்லை. எடுத்த பிறகு பாருங்கள், கேமுக்குக் கீழே புகார் புகாராகக் கொட்டுகிறது! 'விசிலடிக்கிற அண்ணன் எங்கே?' என்று ஒருவர். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அதைத்தான் காதருகே வைத்துக் கேட்டேன் என்று ஒரு பெண். 'இந்த டிரம்ஸ் போட்டவரைப் பிடித்து உதைக்கணும்' என்று இன்னொருவர். உதைங்க ராசா, நல்லா உதைங்க என்று போனைப் பார்த்துச் சொன்னேன். ஒன்றுவிடாமல் படித்தேன். ஒரே ஒருத்தர் இதை அவன் இருக்கும்போது எழுதியிருந்தால், ரயிலில் காட்டியிருப்பானே!

மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். விசிலைத் திரும்ப வைக்கலாம், அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம் என்றான். அப்புறம் அவனே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கம்பெனிக்காரர்களும் அந்த கேமுக்கு அப்டேட் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். டிரம்ஸ் நிலைத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அவன் நிஜமான வருத்தத்தோடு கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "இவ்ளோ பேர் கேக்கறாங்கன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?"

கோவளத்தில்

அண்ணன் நினைவு நாளுக்கு அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்க கோவளம் போனேன். படகு இன்னும் கரைக்கு வரவில்லை. மீன் விற்கும் கஸ்தூரி அக்கா பக்கத்தில் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். வாடிக்கையாக வாங்குகிற பழக்கம். அவர் மடியில் கண்ணாடி கீறிய ஒரு பழைய போன். அதிலிருந்து வந்தது விசில்.

"அக்கா, இந்த கேம் ஆடுவீங்களா?" என்றேன். "இன்னாத்த ஆடுறது? மீனா இது? செவப்பா கீற சங்கராவ நீலக் கலர்ல போட்டு வெச்சிகிறான், பேமானி! படகு வரங்காட்டியும் சும்மா தொறந்து வெச்சிகினு குந்தினு இருப்பேன், அந்தப் பாட்டுக்காவ." மற்ற போனில் எல்லாம் பாட்டு மாறிவிட்டதே, இதில் மட்டும் எப்படி என்று கேட்டேன். "அப்டேட்டு குடு, அப்டேட்டு குடுன்னு கேட்டுகினே கீது. குடுத்தா அந்த ஆளு பூடுவாருன்னு எம் பொண்ணு சொல்லிச்சு. அதான் குடுக்கல." எந்த ஆள் என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. "வாயால ஊதுறாரே, அவருதான். மெஷினு இல்லமா. இரு, இப்ப மூச்சு வாங்குவாரு பாரு." இரண்டு பேரும் காத்திருந்தோம். அவன் மூச்சு வாங்கினான், மறுபடியும் தொடங்கினான்.

"அது எங்க அண்ணன்க்கா" என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. கஸ்தூரி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார், போனைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரம் படகு வந்துவிட்டது. எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "நல்லா ஊதுறாருன்னு கோவளத்துல ஒரு அக்கா சொல்லிச்சுன்னு அவராண்ட மறக்காம சொல்லிடுமா!"

ஆக, எங்கள் தொழிலில் பாராட்டு வராமல் போவதில்லை, வந்து கதவைத் தட்டும்போது வாங்கிக்கொள்ள ஆள்தான் வீட்டில் இருப்பதில்லை.