முதல் கிளிக்

பழைய ஃபிலிம் கேமரா வாங்க நினைக்கிறவர்கள் முதலில் என் அக்காவிடம்தான் வருவார்கள். விற்க நினைக்கிறவர்கள் அவள் கண்ணில் படாமல் விற்கப் பார்ப்பார்கள். எஸ்.எல்.ஆர். கேமரா எதுவானாலும் கையில் எடுத்த உடனே மூக்கருகே கொண்டுபோவாள். பூஞ்சை பிடித்த லென்ஸை வாடையே காட்டிக் கொடுத்துவிடுமாம். பின்மூடியைத் திறந்து, வெளிச்சம் புகாமல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சை நகத்தால் தொடுவாள். பிசுபிசுவென்று ஒட்டினால் உதட்டைப் பிதுக்குவாள். பேட்டரி போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

இதையெல்லாம் யாரும் பழகிக்கொள்ளலாம். அவளுக்கென்று தனியாக ஒரு வழக்கம் உண்டு. வந்த கேமரா ஒரு வாரம் அவள் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். யாரும் தொடக்கூடாது. பிறகு சொந்தக்காரரை எதிரே உட்கார வைத்து ஒரே ஒரு கிளிக். தீர்ப்பு அதை வைத்துத்தான். "ஓடி ஓடி உடம்பு சூடானவன்கிட்ட முழங்கால் வலிக்குதான்னு கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவான். தூங்கி எந்திரிச்சதும் கேக்கணும்" என்பாள்.

இந்த ஞானத்தை அவளுக்குக் கொடுத்த புண்ணியவான் எங்கள் சித்தப்பா.

அவர் கேமராக் கடை வைத்திருந்தார். அக்காவுக்கு ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்த புதிது. சொந்தமாகக் கேமரா வேண்டும் என்று அவர் கடைக்குப் போனோம். பேசிக்கொண்டே, விளையாட்டுப் போல, ஒரு கேமராவைக் கிளிக் கிளிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தார். மசகு காய்ந்து இறுகிப்போன ஷட்டர் அப்படி அடித்தால் கொஞ்ச நேரத்துக்கு இளகிவிடும் என்று எங்களுக்கு என்ன தெரியும்? அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொந்த அண்ணன் மகள் தலையில் கட்டினார்.

அக்காவின் முதல் வேலை ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு. மேடையில் நீள நீளமாகப் பேச்சு. பேச்சு முடிவதற்குள் சும்மா கிடந்த ஷட்டர் மறுபடி இறுகிவிடும். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் படத்துக்குப் படம் பாதி கறுப்பு. பட்டம் வாங்குகிறவனின் தலை இருக்கிறது, கை இல்லை. பட்டமளிப்பைத் திரும்ப நடத்த முடியுமா? வேலை போயிற்று. பட்டம் வாங்கியவர்களின் பெற்றோர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். ஃபிளாஷ் போடும்போது ஷட்டர் ஸ்பீடைத் தப்பாக வைத்தாலும் இதே மாதிரி பாதி கறுப்பு விழும். சித்தப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கேமரா தங்கம். இவதான் ஸ்பீடை மாத்தி வச்சுட்டா. கைப்பழக்கம் பத்தலை" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

தெருவில் அவளுக்குப் 'பாதிப்படம்' என்று பெயர் வைத்தார்கள். அது போகட்டும். அம்மாவும் நம்பினாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. "கொஞ்சம் பார்த்து வச்சிருக்கலாம்லடி" என்று அம்மா வருஷக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு ரிப்பேர்க்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து, வைராக்கியமாகத் தொழில் பழகி, அந்தக் கேமராவைத் தானே பிரித்தாள். காய்ந்த மசகை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"உன் சித்தப்பா எதுக்கும்மா பொய் சொல்லப்போறார்?" என்றாள் அம்மா.

அன்றோடு அக்கா வாதாடுவதை விட்டாள். உண்மை அந்த மனுஷன் வாயாலேயே வரவேண்டும், அது அம்மா காதில் விழவேண்டும், அதுவரை விடப்போவதில்லை என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அதே வெறிதான். நல்லவன் வேஷமெல்லாம் எனக்கு வராது.

வயதாகி, சித்தப்பா கடையை மூடினார். மிச்சமிருந்த கேமராக்களை மாணவர்கள் பழகுவதற்காக மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு போட்டோப் பள்ளிக்காரர் முன்வந்தார். ஆனால் அக்கா பார்த்துச் சொன்னால்தான் எடுப்பேன் என்றுவிட்டார். சித்தப்பா போனில் தேனாகக் குழைந்தார்.

"கொண்டு வாங்க சித்தப்பா. என் வழக்கம் தெரியும்ல? ஒரு வாரம் கிடக்கும். அப்புறம் ஒரே கிளிக்" என்று அக்கா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

போனை வைத்ததும் நான் எகிறினேன். "முன்னாடியே சொல்லிட்டா எண்ணெய் கிண்ணெய் விட்டு ஏமாத்தப் பார்ப்பாரே!"

"விடட்டும்."

"ஷட்டர்ல எண்ணெய் இறங்கினா கேமராவே போச்சேக்கா!"

"அவருக்கு விக்கத் தெரியும், பிரிக்கத் தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலையே."

கேமராக்கள் வந்து ஒரு வாரம் கழித்து அக்கா எங்கள் வீட்டு முன்னறையில் மேஜை போட்டாள். எதிரே சித்தப்பா, பக்கத்தில் பள்ளிக்காரர். அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எடுத்ததில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் தப்பாகக் காட்டியது, ஆனால் ஷட்டர் சுத்தம். "வாங்கலாம்" என்றாள் அக்கா. அடுத்ததும் நன்றாகவே இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு சித்தப்பா உயிரையே வைத்திருந்த ஒரு கறுப்புக் கேமரா. அழுத்தினாள். உள்ளே கண்ணாடி மேலே போயிற்று, இறங்கவில்லை. ஷட்டர் திறந்தபடி நின்றுவிட்டது. பின்மூடியைத் திறந்து ஷட்டர் திரையைத் துணி நுனியால் தொட்டாள். துணியில் எண்ணெய்க் கறை. மேலே விட்டது மெல்ல இறங்கித் திரை முழுக்க ஊறியிருந்தது.

"புது எண்ணெய். யார் விட்டது சித்தப்பா?"

பள்ளிக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"நான்தாம்மா. லேசா, ஒரு சொட்டு."

"எதுக்கு?"

"சும்மா கிடந்தா முதல் கிளிக்ல ஷட்டர் இறுகி இழுக்கும்ல, அதுக்குத்தான்." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. எனக்கு வயிறு குளிர்ந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"அடிச்சுக்கிட்டே இருந்தா இளகும், சும்மா கிடந்தா இழுக்கும். இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அதெல்லாம்... கடை வச்ச நாள்லேர்ந்து..."

"எனக்கு வித்த கேமரா?"

பார்க்க வேண்டிய கேமராக்கள் மேஜையில் இன்னும் கிடந்தன. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்காரருக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் அவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இழுக்கும்னு தெரியும்" என்று சித்தப்பா தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "உன் கை மேல தப்பில்லை."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு கதவோரம் வந்து நின்றாள். பக்கத்து வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கிற காது அம்மாவுக்கு. அது அக்காவுக்கும் தெரியும்.

"அம்மாவுக்குக் கேக்கலை சித்தப்பா" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."